சின்ன மாமாவின் ரேடார் பெட்டி

எங்கள் குடும்பத்தில் ஆக மெதுவாகக் கார் ஓட்டுகிறவர் சின்ன மாமா. வேகமாக ஓடுகிறவர்களைப் பிடிக்கும் கமெராக்களை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ரேடார் பெட்டியை வாங்கியவரும் அவர்தான். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துக் கேட்ட எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தப் பெட்டியின் மேல் எனக்குப் பெரும் மயக்கம் இருந்தது.

மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. ஊரிலிருந்து வந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கிக்கொண்டு, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தார். மூன்று தடவை தோற்று நாலாவது தடவையில் லைசன்ஸ் எடுத்தார். நீல நிறத்தில் ஒரு பழைய கார் வாங்கினார். பிறகு ஒரு நாள் கடையில் கூட வேலை செய்கிறவரிடமிருந்து அந்தப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

உள்ளங்கை அளவான கறுப்புப் பெட்டி. இரண்டு ரப்பர் கிண்ணங்களால் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றும் இல்லாத நேரத்தில் ஒரு பச்சைப் பொட்டு மட்டும் எரியும். எங்கிருந்தாவது ரேடார் அலை வந்து பட்டால் பொட்டு சிவப்பாகும், பெட்டி பேசத் தொடங்கும். முதலில் கோழிக்குஞ்சு போல மெல்லக் கீச்சிடும். அலை பலக்கப் பலக்க, குஞ்சு வளர்ந்து கோழியாகி, கடைசியில் சேவலாகிக் கூவும்.

அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் கோபம் வந்தது. அப்பா லண்டன் பஸ் ஓட்டுகிறவர். அவருடைய லைசன்ஸில் ஒரு தண்டனைப் புள்ளிகூட விழுந்ததில்லை என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி நினைவூட்டப்படும் செய்தி. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவர் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். இந்த நாட்டில் கமெராவை ஒளித்து வைப்பதில்லை. மஞ்சள் நிறம் அடித்து, அதற்கு முன்னால் அறிவிப்புப் பலகையும் வைத்திருக்கிறார்கள். பொலிஸார் கையில் பிடித்துச் சுடும் லேசர் கருவியை இந்தப் பெட்டி உணரும்போது அவர்கள் ஏற்கெனவே வேகத்தைக் குறித்து முடித்திருப்பார்கள். மோட்டர்வேயில் இரண்டு இடங்களில் நம்பர் தகட்டைப் படித்துச் சராசரி வேகத்தைக் கணக்குப் பார்க்கும் கமெராவோ ஒரு அலையையும் அனுப்புவதில்லை. அதற்கு முன்னால் இந்தப் பெட்டி செவிடு. வைத்திருப்பது குற்றமில்லை என்பதை மட்டும் மனமில்லாமல் ஒத்துக்கொண்டார்.

"நீர் அறுபது மைலுக்கு மேலை போறதே இல்லை. உமக்கு ஏன் உது?" என்று முடித்தார்.

"இருக்கட்டும் அத்தான். முன்னாலை ஆர் நிக்கினம் எண்டு தெரிஞ்சால் நல்லதுதானே" என்றார் மாமா.

"ஆர் நிக்கினம்? கம்பம்தான் நிக்குது. உமக்கு விசர்."

மாமா சிரித்தார். அவருடைய சிரிப்பு எப்போதும் மற்றவர்கள் சிரித்து முடிந்த பிறகே தொடங்கும்.

ஆனால் நானும் மாமாவும் அந்தப் பெட்டியோடு ஒரு தனி உலகத்தில் இருந்தோம். சனிக்கிழமைகளில் என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறவர் அவர்தான். முன் இருக்கையில் உயரத்துக்குப் போடும் மெத்தையில் நான் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பேன். பெட்டியைக் கவனிப்பது என் உத்தியோகம். தோர்ண்டன் ஹீத் பெரிய கடையின் தானாகத் திறக்கும் கதவைத் தாண்டும்போது அது கீச்சிடும். பெற்றோல் நிலையத்துக் கதவுக்கும் கீச்சிடும். சில புதுக் கார்கள் பக்கத்தில் வந்தாலும் கீச்சிடும்; அவற்றிலும் ஏதோ ரேடார் பூட்டியிருக்கிறார்கள் என்றார் மாமா. பத்துத் தடவை கத்தினால் ஒன்பது தடவை பொய். அப்பாவின் கட்சிக்கு அதுவே போதுமான சாட்சி. எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத என்னென்னவோ காற்றில் நீந்திப் போய்க்கொண்டிருக்கின்றன. மனிதர்களுக்குக் கேட்காத அவற்றின் பேச்சு இந்தப் பெட்டிக்குக் கேட்கிறது என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, பெட்டி கத்துவதற்கு ஒரு கணம் முன்னால் எனக்கும் ஏதாவது கேட்கிறதா என்று பார்ப்பேன். சில நாட்களில் கேட்டது போலவும் இருந்தது.

அந்த வருடம் மே மாதத்தில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். அவர் அப்பாவின் தம்பி. பெண் வீடு பேர்மிங்ஹாம்; கல்யாணமும் அங்கே ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார்தான் கூறைச்சேலையும் தாலியும் கொண்டுபோக வேண்டும். மாப்பிள்ளையையும் தோழனையும் ஏற்றிக்கொண்டு அப்பா விடியவே புறப்பட்டுவிட்டார். கூறைத் தாம்பாளம் அம்மாவின் பொறுப்பு. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே மாமாவின் நீலக் காரில் மாமாவும் நானும் முன்னால், அம்மாவும் தாம்பாளமும் பின்னால். பன்னிரண்டு மணிக்குள் தாலி ஏற வேண்டும் என்று ஐயர் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்.

"நேரம் கனக்கக் கிடக்கு. ஆறுதலாய்ப் போவம்" என்றார் மாமா. அவர் வேறு எப்படியும் போகக்கூடியவர் அல்ல.

அந்தக் காலை இன்றைக்கும் எனக்கு ஒரு கனவு போலவே வருகிறது. காரெல்லாம் மல்லிகை வாசம். வெளியே மெல்லிய பனிப்புகார். எம் இருபத்தைந்து மோட்டர்வேயில் லொறிகள் பாதி கரைந்தவை போல் தோன்றி, எங்களைத் தாண்டி, மறுபடியும் கரைந்து போயின. நாங்கள் இடது ஓரத்துப் பாதையில் ஐம்பத்தைந்தில் மிதந்துகொண்டிருந்தோம். எம் நாற்பதுக்குத் திரும்பியபோது புகார் விலகி வெயில் வந்தது. கொஞ்சத் தூரம் போனதும் ஒரு சுண்ணாம்பு மலையை இரண்டாக வெட்டி நடுவில் தெருவை விட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர். மேலே செம்மண் நிறத்துப் பருந்துகள் சிறகசைக்காமல் வட்டமிட்டன. பருந்துகளிடமிருந்தும் ஏதாவது அலை வருமா என்று நான் பெட்டியைப் பார்த்தேன்.

பெட்டி கீச்சிட்டது.

மாமா ஐம்பதுக்குக் குறைத்தார். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. முன்னால் ஒன்றும் இல்லை. சத்தம் நின்றது. இரண்டு நிமிடத்தில் மறுபடியும் வந்தது. இந்த முறை நிற்கவில்லை. குஞ்சு கோழியாயிற்று. கோழி சேவலாயிற்று. சிவப்புப் பொட்டு துடித்துக்கொண்டே இருந்தது. இப்போது யோசித்தால், எங்களுக்குப் பக்கத்தில் அதே வேகத்தில் வந்த ஏதோவொரு புதுக் காரின் வேலையாக இருக்கும். அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"தம்பி, நீ நாப்பத்தஞ்சிலை போறாய். உன்னை ஆர் பிடிக்கிறது?" என்றார் அம்மா பின்னாலிருந்து.

மாமாவின் காதில் அது விழவில்லை. அவருடைய முகம் வியர்வையில் நனைந்திருந்தது.  அடுத்த வெளியேறும் பாதை வந்ததும், எங்கே போகிறது என்று பலகையைக்கூடப் பார்க்காமல் உள்ளே திருப்பினார். ஒரு வட்டச் சந்தி, பிறகு ஒரு சின்னத் தெரு, பிறகு அதைவிடச் சின்னத் தெரு. இரண்டு பக்கமும் வேலி. பெட்டி எப்போதோ ஓய்ந்துவிட்டது. மாமா மட்டும் திரும்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு வயலை அடைத்திருந்த மரப் படலைக்கு முன்னால் காரை நிறுத்தி, இயந்திரத்தையும் நிறுத்தினார்.

வயல் முழுவதும் மஞ்சள். கடுகுப் பூவைப் போன்ற பூ, வானம் முட்டும் வரைக்கும். தேனீக்களின் இரைச்சல் தவிர வேறு சத்தமே இல்லை.

மாமா திரும்பாமல், மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அக்கா, ஐசீ எல்லாரிட்டையும் கிடக்கே?"

எனக்கு அது ஆங்கிலமாகக் கேட்டது. 'ஐ ஸீ' என்றால் எனக்குத் தெரிகிறது, விளங்குகிறது என்று அர்த்தம். மாமா கேள்வியைக் கொஞ்சம் பிழையாகக் கேட்கிறார் என்று நினைத்து, "ஓம் மாமா, ஐ ஸீ" என்றேன். அந்த மஞ்சளைத்தான் சொன்னேன்.

அம்மா சிரிக்கவில்லை, என்னைத் திருத்தவும் இல்லை. தாம்பாளத்தை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தார்.

"எல்லாரிட்டையும் கிடக்கு தம்பி. இந்தா, தண்ணியைக் குடி."

பிறகு என்னை இறங்கி நின்று பூப் பார்க்கச் சொன்னார். நான் படலையில் ஏறி உட்கார்ந்தேன். காற்று வந்தால் வயல் ஒரு பக்கம் சாயும், பிறகு நிமிரும். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. அம்மாவின் கைபேசி அடித்தது. அப்பா. அவருடைய சத்தம் படலை வரைக்கும் கேட்டது. ஐயர் வந்தாயிற்று, பெண் வீட்டார் கேட்கிறார்கள், எங்கே நிற்கிறீர்கள்?

"மோட்டர்வேயிலை சரியான ட்ராபிக். வந்துகொண்டிருக்கிறம்" என்றார் அம்மா.

எனக்குத் திடுக்கென்றது. அம்மா அப்பாவிடம் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் தேனீக்களும் நாங்களும் மட்டுமே இருந்த ஒரு தெருவில்.

அப்போதுதான் வளைவில் அந்தக் கார் வந்தது. மஞ்சளும் நீலமுமாகக் கட்டம் போட்ட பொலிஸ் கார். எங்கள் காரைத் தாண்டி மெல்ல நின்றது. இளம் வயதுப் பெண் பொலிஸ் ஒருவர் இறங்கினார். ஒதுக்குப்புறத்தில் நிற்கும் காரைக் கண்டு, ஏதும் உதவி வேண்டுமா என்று பார்க்க வந்தவர் போலத்தான் அவருடைய நடை இருந்தது.

மாமா கதவைத் திறந்து இறங்கினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே திரும்பி, இரண்டு கைகளையும் காரின் கூரைமேல் விரித்து வைத்து, கால்களை அகட்டி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நீண்ட நேரம் ஓட்டியதால் முதுகு பிடித்திருக்கிறது, உடம்பை நீட்டுகிறார் என்று நினைத்தேன். எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஓடுவதற்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் செய்வோம்.

அந்தப் பெண் சட்டென்று நின்றுவிட்டார். பிறகு இரண்டடி பின்னுக்குப் போனார். குரலை மிகவும் தணித்து, மாமாவைப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று கேட்டார். மாமாவின் ஆங்கிலம் கடையில் விலை சொல்லப் போதும். அன்றைக்கு அதுவும் வரவில்லை. ஆகவே படலையிலிருந்து குதித்து நான் ஓடினேன். என் சித்தப்பாவுக்கு இன்றைக்குக் கல்யாணம், தாலியும் சேலையும் எங்களிடம்தான் இருக்கின்றன, நாங்கள் போகாவிட்டால் கல்யாணம் நடக்காது, பெட்டி கத்தியதால் மாமா வழி தவறிவிட்டார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா பின்கதவைத் திறந்து, தாம்பாளத்தை மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினார். கூறையின் சிவப்பும் சரிகையும் வெயிலில் மின்னின. அந்தப் பெண் குனிந்து பார்த்து, எவ்வளவு அழகு என்றார்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த பெட்டியையும் பார்த்தார். தன் தகப்பனாரும் இப்படி ஒன்று வைத்திருந்தார் என்றும், அப்படியும் அவருடைய லைசன்ஸில் புள்ளி விழுந்தது என்றும் எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தார். பிறகு, மோட்டர்வே வரைக்கும் தனக்குப் பின்னால் வரச் சொன்னார்.

மாமா இன்னும் கூரையிலிருந்து கையை எடுக்கவில்லை. அம்மா காரைச் சுற்றிப் போய், அவருடைய கைமேல் தன் கையை வைத்தார்.

"தம்பி, அவ வழி சொல்லத்தான் வந்தவ. கையை எடு. எங்களுக்கு நேரமாகுது."

முதலில் ஒரு கை வந்தது. கொஞ்சம் பொறுத்து மற்றக் கையும் வந்தது.

பொலிஸ் கார் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். மந்திரிமார் இப்படித்தான் போவார்கள் என்று நான் நினைத்தேன். மோட்டர்வே ஏறும் வரைக்கும் அந்தக் கார் எங்களுக்கு முன்னால் இருபது அடியில் ஓடியது; எங்கள் பெட்டி அவ்வளவு நேரமும் பச்சைப் பொட்டோடு பேசாமல் இருந்தது. கடைக் கதவுகளுக்கெல்லாம் கத்திய பெட்டி, ஒரு முழுப் பொலிஸ் காரைக் கண்டு ஒரு கீச்சுக்கூட இடவில்லை. ஒரு பொலிஸ் கார் சும்மா ஓடும்போது அதிலிருந்து அலை ஒன்றும் வராது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குப் பெட்டியின் மேல் எனக்கு முதல் தடவையாக ஒரு மனத்தாங்கல் வந்தது.

அந்தப் பெண் கையசைத்துவிட்டு விலகிப் போனார். அம்மா பின்னாலிருந்து சொன்னார்.

"பிள்ளை, உந்த வயரைக் கழட்டு."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  வயரை இழுத்தேன். பச்சைப் பொட்டு அணைந்தது. எதையோ கொன்றுவிட்டது போல எனக்கு அழுகை வந்தது. கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் அழுதேன். மாமா நடுப் பாதைக்கு மாறினார். அறுபது, அறுபத்தைந்து, எழுபது. அவர் எழுபது போனதை அன்றைக்குத்தான் கண்டேன். பின்னால் தாம்பாளத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அம்மா முருகனைக் கூப்பிட்டார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மண்டப வாசலில் போய் நின்றோம். தாம்பாளத்தை யாரோ கையிலிருந்து பறித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஐயர் மந்திரத்தைப் பாதியாகச் சுருக்கினார் என்று பிறகு சொன்னார்கள். கூறை மாற்றிக்கொண்டு பெண் வந்தாள், கெட்டிமேளம் முழங்கியது, சித்தப்பா தாலியைக் கட்டினார். நேரத்துக்கு இரண்டு நிமிடம் மிச்சம்.

சாப்பாட்டுப் பந்தியில் நான்தான் கதாநாயகி. எங்களைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு வந்தது என்று ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை நீண்டது. பெட்டிக்குப் பயந்து மாமா காட்டுக்குள் ஓடியது, பொலிசைக் கண்டதும் கார்க் கூரையைப் பிடித்துக்கொண்டு முதுகை நீட்டியது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். மேசைக்கு மேசை சிரிப்பு. சில பெரிய ஆண்கள் மட்டும் சிரிப்பை நடுவில் நிறுத்திவிட்டு வாழையிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சரியாக நடிக்கவில்லை போலும் என்று நினைத்து இன்னொரு தடவை, இன்னும் நன்றாக, கால்களை அகட்டிக் காட்டினேன். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் எண்பத்துமூன்று கலவரத்துக்கு முன்னமே இந்த நாட்டுக்குப் படிக்க வந்தவர். மாமாவும் சிரித்தார், எல்லோரும் சிரித்து முடிந்த பிறகு.

எனக்கு லைசன்ஸ் கிடைத்த வருடத்தில்தான் அம்மா அதைச் சொன்னார். கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு, இரண்டே இரண்டு வசனத்தில் சொன்னார். ஊரில் மாமாவும் அவருடைய கூட்டாளியும் பஸ்ஸில் வந்தபோது ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் இருவரையும் இறக்கி நிற்க வைத்தார்கள். திரும்பி பஸ்ஸில் ஏறியவர் மாமா மட்டும்தான். மாமா வயலோரத்தில் கேட்ட ஐசீ அடையாள அட்டை என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.  ரேடார் பெட்டி வாங்குவது வேலைக்கு ஆகுமா என்று அலுவலகத்தில் யாராவது பேச்செடுத்தால், அப்பாவின் வாதங்களை ஒன்று விடாமல் ஒப்புவிப்பேன். எல்லாம் இன்றைக்கும் சரியான வாதங்கள்தான். ஆனால் சொல்லி முடிக்கும்போது எனக்கு ஒரு தயக்கம் வரும்.

கல்யாணத்தன்று பின்னேரம் நாங்கள் திரும்பியதைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.  அப்பா பொம்பிளை மாப்பிள்ளையோடு அங்கேயே நின்றுவிட்டார். மறுபடியும் நாங்கள் மூன்று பேர். நான் வழக்கம்போல முன்கதவைத் திறந்தபோது அம்மா என்னைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, என் இடத்தில் தானே ஏறி உட்கார்ந்தார். எனக்குப் பொல்லாத கோபம். அம்மா காரில் ஏறினால் தூங்குகிறவர். முன் இருக்கையில் அவருக்கு என்ன வேலை?

அன்றைக்கு அம்மா தூங்கவில்லை. பேசத் தொடங்கினார். பெண்ணின் தாயார் கட்டியிருந்த சேலையின் நிறம், பாயசத்துக்குச் சீனி கூடியது, நாதஸ்வரக்காரருக்கு வந்த தும்மல், யாருக்குத் தலைமயிர் கொட்டிவிட்டது, யாருடைய மகள் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று ஒன்று முடிய ஒன்று, மூச்சு விடாமல் பேசிக்கொண்டே வந்தார். முன்னால் தூரத்தில் நீல வெளிச்சம் தெரிந்தபோது குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. அதைத் தாண்டிய பிறகு பழையபடி இறங்கியது.  மாமா இடைக்கிடை "ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னார். வெயில் சாய்ந்து தெருவெல்லாம் பொன்னாகிக்கொண்டு வந்தது. பெட்டியை யாரோ கழற்றியெடுத்திருந்தார்கள்; கண்ணாடியில் அது ஒட்டியிருந்த இடத்தில் இரண்டு வட்டத் தடங்கள் தெரிந்தன. பேர்மிங்ஹாமிலிருந்து நோர்பரி வரைக்கும் அம்மா ஒரு கணம்கூட அந்தக் காரைச் சத்தமில்லாமல் விடவில்லை.

அம்மாவுக்குக் கல்யாணச் சந்தோசம் தலைக்கேறிவிட்டது, இனி வாயை மூடவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டு, நான் பின் இருக்கையில் காதைப் பொத்தியபடி தூங்கிப்போனேன்.